ஆள் வந்தால்தான் போகலாம்

ஸ்டெபனி ஓட்டும் வானுக்குள் வைத்தே அவளிடம் சொல்லிவிடுவது என்று காலையில் அப்பாவுக்குச் சவரம் செய்யும்போதே தீர்மானித்திருந்தேன். நாங்கள் இருக்கும் அஜின்கோர்ட்டிலிருந்து விழா நடக்கும் சென்ற் கிளெயர் வீதிக்கு நாற்பது நிமிடம். சொல்ல வேண்டியதோ மூன்று வசனம். நாட்டின் கிழக்குக் கோடியில், நோவா ஸ்கோஷியாவில் நில அளவை படிக்க எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. இன்று மாலை ஐந்து மணிக்குள் 'ஏற்கிறேன்' என்று அழுத்தாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். நான் போனால், செப்டம்பரிலிருந்து அப்பாவை நீதான் பார்க்க வேண்டும்.

அந்த மூன்றாவது வசனத்தை மூன்று வாரமாக என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

ஸ்டெபனி என் தங்கை. கலியாணம் முடித்து, கணவன் லெஸ்லியோடு அஜக்ஸில் இருக்கிறாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்து எங்கள் இருவரையும் எங்கேயாவது கூட்டிக்கொண்டு போவாள். இந்த முறை இத்தாலியர்களின் கோடை விழா. அப்பாவோடு இருபத்திரண்டு வருடம் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்த சால்வத்தோரே ஒவ்வொரு வருடமும் கூப்பிடுவார். பாரிசவாதம் வந்து அப்பாவின் வலப்பக்கம் விழுந்த பிறகு, இந்த நான்கு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

அப்பா முன் இருக்கையில். நான் பின்னால், மடியில் அப்பாவின் பை. மருந்து, ஈரத்துணி, மாற்றுக் காற்சட்டை, சிறுநீர்ப் போத்தல், தண்ணீரைத் தடிப்பாக்கும் மாவு. விழுங்கும்போது புரைக்கேறும் என்பதால் அவர் குடிக்கும் எதையும் அந்த மாவைப் போட்டுக் கலக்கித்தான் கொடுக்க வேண்டும்.

"லெஸ்லி கீழறையில ட்ரெட்மில் வாங்கிப் போட்டிருக்கிறார்," என்றாள் ஸ்டெபனி. "ஒரு நாளும் ஏறேல்லை. ஆனா உடுப்புக் காயப்போட நல்ல வசதி."

"அந்த அறை பெரிசு, என்ன?"

"பெரிசுதான். வாசலும் அகலம். வாஷ்றூமும் பக்கத்தில."

சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது என்று நினைத்தேன். "ஸ்டெபி, நான் உன்னட்ட ஒண்டு கேக்க..."

"ஐயோ, எக்ஸிட்டை விட்டிட்டன்!"

"ரோட்டைப் பாக்காமல் வாயைப் பாத்தா உப்பிடித்தான்," என்றார் அப்பா. வார்த்தைகள் குழறினாலும் குத்தல் குறையவில்லை.

அதன் பிறகு அவள் போன் சொன்ன வழியைக் கேட்டுக்கொண்டு ஓட்டினாள். நான் பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தேன்.

பிரச்சினை ஸ்டெபனி மட்டுமல்ல. அப்பா என் கையால் மட்டும்தான் சாப்பிடுவார். பராமரிக்க வந்த இரண்டு பெண்களைக் கண்டதும் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். கரண்டியை உதட்டில் வைத்து அவர்கள் கெஞ்சக் கெஞ்ச, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, "வேரோ எங்க?" என்று கேட்டார். வேரோனிக்கா நான். குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் ஒளிந்து நின்றேன். ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தேன். பிறகு போய்க் கரண்டியை வாங்கினேன். அம்மா இறந்து ஒரு வருடத்தில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது.

அவர் தூங்கும் நேரங்களில் நான் வாசித்தேன். நூலகத்திலிருந்து கட்டுக்கட்டாக, எங்கெங்கோ உள்ள மொழிகளிலிருந்து பெயர்த்த நாவல்கள். சிலவற்றின் முதல் பக்கத்தில் ஒரு வரைபடம் இருக்கும். ஆறு, பாலம், ஆலயம், கடைசியில் ஒரு வீடு. கதையை விட்டுவிட்டு அந்த வரைபடத்தில் விரலை ஓட்டிக்கொண்டிருப்பேன். இதையெல்லாம் யாரோ நடந்து அளந்திருக்க வேண்டும் அல்லவா என்று ஒருநாள் தோன்றியது. அந்த எண்ணம்தான் விண்ணப்பம் வரை போய்விட்டது.

அந்த வாசிப்பால், சால்வத்தோரேயின் தென் இத்தாலியும் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். நாவல்களில் அங்கே எப்போதும் நடுப்பகல். வெள்ளைச் சுவர், சாத்திய யன்னல்கள், நடுவில் ஒரு சதுக்கம், அதில் நிழலே இல்லாமல் ஒரு நாய். இங்கே சதுக்கம் என்பது தரைக்குப் பதிக்கும் ஓடுகள் விற்கும் கடை ஒன்றின் பின்னால் இருந்த வாகனத் தரிப்பிடம். வெயிலில் தார் இளகி மணத்தது. மஞ்சள் கோடுகளுக்கு நடுவே 41, 42, 43 என்று எண்கள். கயிற்றில் காகிதக் கொடிகள். ஒரு மேசையில் பொரித்த பணியாரங்கள், இன்னொன்றில் எலுமிச்சை ஐஸ். ஓரமாக அக்கோர்டியனும் வயலினும், கஞ்சிராவைவிடப் பெரிதாகத் தகரச் சில்லுகள் பதித்த வட்டத் தோற்கருவிகளோடு ஐந்தாறு பெண்களும்.

"கஸ்பாரே!" சால்வத்தோரே அப்பாவின் பெயரை இத்தாலியப் பெயராகவே மாற்றி வைத்திருந்தார். அவருடைய சக்கர நாற்காலிக்குக் குனிந்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். என்னைத் தவிர யாரும் தொட்டால் முகத்தைச் சுளிக்கிற அப்பா, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று கன்னத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

பாட்டு தொடங்கியது. ஆட்கள் வளையமாக நின்றார்கள். நடுவில் இரண்டே பேர், பாதங்கள் தரையைச் சுட்டதுபோலத் துள்ளித் துள்ளி, ஒருவரையொருவர் தொடாமல் சுற்றினார்கள். ஒருத்தியின் கையில் சிவப்புத் துணி.

"முந்தி எங்கள் ஊரில் வயலில் வேலை செய்யும் பெண்களைச் சிலந்தி கடிக்கும்," என்று சால்வத்தோரே ஆங்கிலத்தில் விளக்கினார். "கடித்தால் ஆட வேண்டும். விஷம் இறங்கும்வரை. சிலர் மூன்று நாள் ஆடுவார்கள்."

அப்பா என்னைப் பார்த்தார். "பாம்பு கடிச்சாலும் எங்கட ஆக்களுக்கு மடு மாதா கோயில் மண் ஒரு சிட்டிகை போதும். மூண்டு நாள் ஆடத் தேவையில்லை எண்டு சொல்லு."

சொன்னேன். சால்வத்தோரே தொடையில் தட்டிச் சிரித்தார். "உங்கள் மாதா நேரத்தை மிச்சம் பிடிக்கிறார்!"

பிறகு அவர் வளையத்தைக் காட்டி வேறெதையோ சொன்னார். நான் குனிந்து எலுமிச்சை ஐஸை உருகவிட்டு, மாவைப் போட்டுக் கட்டிபடாமல் கலக்கிக்கொண்டிருந்ததால் அது காதில் விழவில்லை. அப்பா மட்டும் தலையாட்டினார். நான் ஊட்டிய முதல் கரண்டியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உது ஐஸ் இல்லை, பசை. உன்ர அறைக்கு வோல்பேப்பர் ஒட்டலாம்," என்றார்.

"அப்பா சும்மா இருங்கோ. விழுங்குங்கோ."

நேரம் நாலு பதினைந்து. இப்போது சொல்ல வேண்டும். நிமிர்ந்து ஸ்டெபனியின் பக்கம் திரும்பினேன். அந்த நேரத்தில் வளையம் எங்களுக்கு எதிரே விலகி, வியர்த்து மூச்சு வாங்கிக்கொண்டு நடுவிலிருந்த பெண் என் முன்னால் வந்து சிவப்புத் துணியை நீட்டினாள்.

நீட்டினால் வாங்கிக்கொள்வது என் பழக்கம். வாங்கினேன்.

கைதட்டல் எழுந்தது. "போ அக்கா, போ!" என்று ஸ்டெபனி என் முதுகில் தள்ளினாள். "வீடியோ எடுக்கிறன். உன்ர போனைத் தா, என்ரையில சார்ஜ் இல்லை." போன் அவள் கைக்குப் போனது. பை அப்பாவின் காலடியில். நான் 43 என்ற எண்ணின் மேல், எதிரே தாடி வைத்த ஓர் இளைஞனோடு.

முதல் சில நிமிடங்கள் நன்றாகவே இருந்தது. பொய் சொல்லக் கூடாது. அந்தத் தோற்கருவிகளின் அடி காதுக்குள் போகாமல் நேராக முழங்காலுக்குள் போனது. கால் தானாகத் துள்ளியது. நான்கு வருடத்தில் யாரையும் தூக்காமல், யாருக்கும் முண்டு கொடுக்காமல் என் உடம்பை நான் மட்டும் தூக்கியது அப்போதுதான். துணியைத் தலைக்கு மேலே சுழற்றினேன். அப்பா இடது கையால் நாற்காலிப் பிடியில் தாளம் போட்டார்.

எதிரே இருந்தவன் போய் ஒரு சிறுமி வந்தாள். அவள் போய் ஒரு கிழவர். அவர் போய்க் கண்ணாடி போட்ட ஒருத்தி. எனக்கு எதிரே ஆட்கள் மாறிக்கொண்டிருந்தார்கள். என்னை மாற்ற யாரும் வரவில்லை.

தாகமெடுத்தது. எங்கள் கொண்டாட்டங்களில் பைலா ஆடினால், களைத்தவுடன் போய்க் கதிரையில் உட்காரலாம். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அப்படி நினைத்துக்கொண்டு வளையத்தில் இரண்டு பெண்களுக்கு நடுவே இருந்த இடைவெளியை நோக்கிப் போனேன். அவர்கள் சிரித்துக்கொண்டே தோளோடு தோள் ஒட்டினார்கள். ஒருத்தி என் கையிலிருந்த துணியைக் காட்டி, வளையத்தைச் சுற்றிக் காட்டி, யாரிடமாவது நீட்டு என்று சைகை செய்தாள். வாங்கியவர் உள்ளே வருவார், பிறகு நீ போகலாம். நடுவிடம் வெறுமையாக இருக்கக் கூடாது. ஆள் வந்தால்தான் போகலாம்.

சால்வத்தோரே சொன்னது இதைத்தான் போலிருக்கிறது.

சரி என்று ஸ்டெபனியிடம் போனேன். வேறு யாரிடம் போவேன்? துணியை அவளிடம் நீட்டினேன். அவள் முகம் மலர்ந்தது. வாங்கினாள். வாங்கி, நான்காக மடித்து, தன் கைப்பைக்குள் வைத்து, சிப்பை இழுத்து மூடினாள். பெருவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு மறுபடியும் போனைத் தூக்கினாள்.

அவள்மேல் முழுப் பிழையும் சொல்ல முடியாது. எங்கள் கலியாண மண்டபங்களில் பைலா தொடங்கியதும் ஆடப் போகிறவர்கள் சால்வையையும் போனையும் கழன்று விழுகிற தோட்டையும் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் மடியில் குவித்துவிட்டுப் போவார்கள். அவள் பத்திரமாக வைத்திருப்பாள். பதினைந்து வருடமாக அந்த மடி என்னுடையது. இன்று முறை மாறி, தான் பத்திரமாக வைத்திருப்பதாக என் தங்கை பெருமைப்பட்டாள்.

வளையம் வெடித்துச் சிரித்தது. இப்போது கொடுக்க என் கையில் துணியும் இல்லை.

"ஸ்டெபி! அதைத் தா!" என்று கத்தினேன். தோற்கருவிகளின் அதிர்வில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் 'சூப்பர்' என்று வாயசைத்தாள். கண்ணாடிக்காரி என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நானும் சுற்ற வேண்டியிருந்தது. விளையாட்டுத்தான். வேண்டுமென்றால் தள்ளிக்கொண்டு வெளியே போயிருக்கலாம். நான் யாரையும் தள்ளிக்கொண்டு போய்ப் பழகவில்லை. சிரித்த முகத்தோடு ஆடினேன். குதிகால் எரிந்தது. வளையத்தின் ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்குப் பார்வை ஓடி, திரும்பத் திரும்ப ஸ்டெபனியின் கையிலிருந்த என் போனில் வந்து நின்றது. இப்போது நேரம் என்னவாக இருக்கும்?

அப்போது அவள் முகம் மாறியதைக் கண்டேன்.

படம் எடுத்துக்கொண்டிருந்தவள் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். புருவம் சுருங்கியது. என்னைப் பார்த்தாள். மறுபடி போனை. கல்லூரியிலிருந்து நினைவூட்டல் வந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. மூன்று வாரமாக என் வாயால் வராதது அவள் உள்ளங்கையில் போய் விழுந்திருக்கிறது.

அவள் குனிந்து அப்பாவுக்குக் காட்டினாள். அப்பா ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். கையை விரித்தாள். அஜக்ஸ் இருக்கும் கிழக்குத் திசையைக் காட்டினாள், தலையை ஆட்டினாள், நெஞ்சில் கை வைத்தாள். அப்பா மறுபடி ஏதோ சுருக்கமாகக் கேட்டார். என் மிச்ச வாழ்க்கையைப் பத்தடி தூரத்தில் இரண்டு பேர் பேசுகிறார்கள். எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. நான் துள்ளிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா இடது கையை ஸ்டெபனியின் முன்னால் நீட்டினார். அவள் அசையவில்லை. அவர் கையை எட்டி அவள் கைப்பையைப் பிடித்து இழுத்தார். அவள் சிப்பைத் திறந்தாள்.

சிவப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா வந்தார். இடது கையால் சக்கரத்தைச் சுழற்றி, இடது காலால் தரையை உந்தி, கோணல்மாணலாக. வளையம் ஒரு சத்தத்தோடு திறந்தது. நான் ஓடிப்போய் நாற்காலியின் பின்பிடியைப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் பிடித்திருப்பது தெரிந்தது.

"கையை எடு," என்றார்.

"அப்பா, கல்லுக் கிடக்கு, நான் மெதுவா..."

"எடு எண்டு சொன்னனான்."

எடுத்தேன்.

"இனிப் போ. ஆள் வந்திட்டுது."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சால்வத்தோரே கண்ணாடிக்காரியின் இடத்துக்கு வந்து அப்பாவின் முன்னால் துள்ளத் தொடங்கியிருந்தார். அப்பா சக்கரத்தை முன்னும் பின்னுமாக ஆட்டினார். கூட்டம் கூவியது. என் முன்னால் இருந்த பெண்கள் விலகினார்கள். நான் வெளியே நின்றேன். என் இரண்டு கையும் வெறுமையாக இருந்தன. அவற்றை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. குனிந்து அப்பாவின் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

"ஏனக்கா எனக்குச் சொல்லேல்லை?" ஸ்டெபனியின் கண் கலங்கியிருந்தது.

"சொல்லத்தான் வந்தனான். நீ ட்ரெட்மில்லைப் பற்றிக் கதைச்சனி."

"அது அநியாயம்."

"ஓம். அநியாயம்தான். அப்பா என்ன கேட்டவர்?"

"எத்தினை மணி வரைக்கும் எண்டு கேட்டார். அஞ்சு எண்டன். துணியைத் தா எண்டார். அவ்வளவுதான்." மூக்கை உறிஞ்சினாள். "நான் எப்பிடி அக்கா? எனக்கு வேலை, லெஸ்லிக்கு வேலை. அவர் என்ர கையால தண்ணிகூடக் குடிக்கமாட்டார். உனக்குத் தெரியும்."

"நீ ஒரு நாளும் குடுத்துப் பாக்கேல்லை."

"நீ விட்டால்தானே!"

 குசினியில் ஒளிந்து நின்ற ஐந்து நிமிடம் நினைவுக்கு வந்தது. ஏன் ஆறாவது நிமிடம் நிற்கவில்லை? அவருக்குப் பசிக்கும் என்றா? அல்லது அவர் இன்னொருத்தியின் கரண்டிக்கு வாயைத் திறந்துவிடுவார் என்றா?

போனை வாங்கினேன். நாலு ஐம்பத்தொன்று. கல்லூரியின் பக்கம் திறந்தது. பச்சை நிறத்தில் பொத்தான். 'ஏற்கிறேன்.'

வளையத்துக்குள் அப்பா துணியை நீட்டிக்கொண்டிருந்தார். முதலில் ஒரு பெண்ணிடம். அவள் நெஞ்சில் கை வைத்துத் தலை வணங்கி, கைதட்டினாள். அடுத்து ஒரு கிழவரிடம். அவரும் கைதட்டினார். சக்கர நாற்காலியில் ஆடுகிறவரின் இடத்தைப் பறிக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஆட்டம் தொடரட்டும் என்று வாத்தியங்கள் வேகம் எடுத்தன. அப்பாவின் நெற்றியெல்லாம் வியர்வை. இடது கை முழங்காலைத் தேய்க்கத் தொடங்கியது. அது என்ன அடையாளம் என்று இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். இன்னும் ஐந்து நிமிடம் தாங்குவார். அதற்கு மேல் முடியாது.

"வேரோ!"

அத்தனை இரைச்சலிலும் அது கேட்டது.

"அக்கா, உன்னைக் கூப்பிடுறார்," என்றாள் ஸ்டெபனி.

என் வலது கால் ஏற்கெனவே ஓரடி போயிருந்தது. அதைப் பார்த்தேன். பையைத் தோளிலிருந்து கழற்றி ஸ்டெபனியிடம் நீட்டினேன். அவள் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம் வச்சிருக்கோணும்?"

"வச்சிருக்கத் தரேல்லை. அவருக்குப் பாத்றூம் வருகுது. உள்ள போ."

அவள் பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்கு உந்தப் போத்தல் ஒண்டும் தெரியாது."

"அவர் சொல்லுவார். ஏசுவார். ஏச ஏசச் செய்."

"செப்டம்பருக்கு எண்டு நான் இன்னும் ஓம் சொல்லேல்லை."

"தெரியும்."

ஸ்டெபனி குதியுயர்ந்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். வளையத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். தார் சுட்டது; அவள் துள்ளித் துள்ளிப் போனாள். அதை ஆட்டம் என்று நினைத்துக் கூட்டம் ஆரவாரித்தது. அப்பாவின் முன்னால் போய் நின்று கையை நீட்டினாள்.

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு அவள் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தார். வாய் இறுகி மூடியது. அந்த வாயை எனக்குத் தெரியும். துணி அவருடைய இறுகிய கைக்குள் இருந்தது. ஸ்டெபனி ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். அவர் விடவில்லை. அவள் மறுபடி இழுத்தாள். ஏதோ சொன்னாள்; அவரும் ஏதோ சொன்னார், நிச்சயமாக ஏச்சுத்தான். பிறகு விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

நான் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். 'உறுதிதானா?' என்று இன்னொரு பெட்டி வந்தது. நாலு ஐம்பத்தேழு.

ஸ்டெபனி துணியைப் பக்கத்திலிருந்த பெண்ணின் தோளில் போட்டுவிட்டு நாற்காலியைத் தள்ளினாள். நாற்காலி அசையவில்லை. முழுப் பலத்தையும் கொடுத்துத் தள்ளினாள். அப்பா முன்னுக்குச் சரிந்தார்.

"அக்கா! போகுதில்லை!"

துணியை விட்ட கையால் அப்பாவே சக்கரத்தைப் பூட்டியிருக்க வேண்டும். போய் ஒரு காலால் தட்டினால் போதும். ஆறடி தூரம். இரண்டு நொடி வேலை.

"பிறேக்!" என்று கத்தினேன். "இடப்பக்கம்! கீழ பார்!"

"எங்க?"

"இன்னும் கீழ! சக்கரத்தோட!"

அவள் குனிந்து தடவினாள். அப்பா மேலிருந்து அவள் தலைக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என் விரல் 'ஆம்' என்பதன் மேல் இருந்தது. அழுத்தினேன். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது. அது சுற்றிக்கொண்டேயிருந்தது.

சக்கரம் அசைந்தது. வளையம் அவர்களுக்கு வழிவிட்டது. ஸ்டெபனி வெறுங்காலோடு, செருப்பையும் பையையும் அப்பாவின் மடியில் போட்டுத் தள்ளிக்கொண்டு, கடையின் பின்வாசலை நோக்கி ஓடினாள். அப்பா ஒருமுறை திரும்ப முயன்றார். வலப்பக்கம் அவருக்குக் கழுத்துத் திரும்பாது.

அப்பா கூப்பிட்டபோது முன்னால் வைத்த என் கால் இன்னும் அங்கேயே இருந்தது. அதைப் பின்னுக்கு எடுத்து வைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.